கோழிக்குக் கச்சை உண்டோ?

2018 ஆம் ஆண்டு பங்குனி மாதத்தில், அமெரிக்காவின் ரெக்சாஸ் மாநிலத்திலுள்ள சான் அன்ரோனியோ நகரில் மூன்று வாரம் தங்கியிருக்கும் வாய்ப்பு எமக்குக் கிட்டியது. எமது மைத்துனர் ஒருவர் அங்கே குடும்பத்துடன் வாழ்கின்றார். ரெக்சாஸ் என்றதும் எண்ணெய்க் கிணறுகளையும் குதிரைமேல் வரும் துப்பாக்கி வீரரையும் மனத்திற் கற்பித்துக்கொண்டு சென்றோம். அந்நகரோ முதல் நாளே எம்மைத் திருத்திவிட்டது. தெருக்களின் பெயர்கள் ஸ்பானியப் பெயர்கள். பழைய கோயில்கள் ஸ்பானியப் பாதிரிமார் எழுப்பியவை. பஸ் வண்டியில் எமது பக்கத்தில் இருந்தோர் பேசியதும் அம்மொழியே. 1718 இல் ஆற்றங்கரையில் ஒரு மடம் நிறுவப்பட்டதோடு தோன்றிய நகர் அது. நாம் சென்றபோது முந்நூறாவது ஆண்டு விழாக் கொண்டாட்டங்கள் நடந்துகொண்டிருந்தன. முதலில் ஸ்பெயினுக்கும், 1821 முதல் மெக்சிக்கோவுக்கும் உரியதாயிருந்த அந்நிலம், 1836 இல் தனிக் குடியரசாகி, 1845 இலேதான் அமெரிக்க ஐக்கிய நாடுகளுடன் இணைந்தது. ஆதலால், “நாங்கள் எல்லையைக் கடந்து வரவில்லை, எல்லைதான் எங்களைக் கடந்து போயிற்று” என்று சொல்லிக்கொள்ளும் பழங்குடும்பங்கள் அங்கே பல உள.

நகரின் நடுவே, தெரு மட்டத்திற்கும் தாழ்வாக ஓடும் ஆற்றையும் அதன் கரையோர நடைபாதையையும் அலமோ என்னும் பழைய மடத்தையும் காண ஆண்டுதோறும் பெருந்திரளானோர் வருகின்றனர். அவற்றைப்பற்றிப் பிரயாண நூல்கள் நிரம்பக் கூறும். நாம் இங்கு கூற எடுத்துக்கொண்டது ஓர் அடுக்களையைப்பற்றி.

மைத்துனரின் அயல் வீட்டில் மெக்சிக்க வமிசத்தைச் சேர்ந்த ஒரு குடும்பம் வாழ்ந்தது. வீட்டின் மூத்தவர் எண்பது கடந்த முதியவர். அவருடைய மனைவி, மகன், மருமகள், கல்லூரியிற் படிக்கும் ஒரு பேர்த்தி என ஐவர். பேர்த்தி பாட்டனாரை ‘அபுவெலோ’ என்றும் பாட்டியாரை ‘அபுவெலா’ என்றும் அழைப்பாள். அச்சொல்லைக் கேட்குந்தோறும் எமது காதில் நம்மூர் ‘அப்பு’வே ஒலித்தார். ஆகவே இக்கட்டுரையில் அவர்களை அப்பு என்றும் ஆச்சி என்றுமே குறிப்போம். அவர்கள் அறிந்தாலும் கோபிக்கமாட்டார்கள். இருவரும் ஆங்கிலம் சிறிதே பேசுவர். மீதியைப் பேர்த்தி மொழிபெயர்த்து உதவினாள். எமது தொழில் படிப்பித்தல் என அறிந்த அப்பு, அன்று முதல் எம்மை ‘மாயெஸ்த்ரோ’ என்று அழைக்கலானார். மெக்சிக்கர் ஆசிரியரை அவ்வாறு அழைப்பது வழக்கம். நம்மூர் ‘மாஸ்ரர்’ கடல் கடந்தும் எம்மை விடவில்லை.

முதல் ஞாயிற்றுக்கிழமை எம்மை விருந்துக்கு அழைத்தனர். வீட்டின் பின்வளவில் மெஸ்கீற் என்னும் முள்மரத்து விறகில் தணல் மூட்டியிருந்தார் அப்பு. தமிழ்நாட்டின் வரண்ட நிலங்களிற் பரவியிருக்கும் சீமைக்கருவேலுக்கு நெருங்கிய உறவான மரம் அது. புகையில் ஒருவகை இனிய வாசனை உண்டு. தணல்மேல் நீண்ட இறைச்சித் துண்டங்கள் வாடிக்கொண்டிருந்தன. அப்பு ஒன்றை எடுத்துப் பலகையில் வைத்துக் குறுக்காக அரிந்து, மெல்லிய கோதுமை றொட்டி ஒன்றில் இட்டு, மடித்து, இரு கைகளாலும் எம்மிடம் நீட்டினார். “பஹீத்தா” என்றார். எழுதும்போது ஜகரம் இட்டு எழுதுவர். ஸ்பானிய மொழியில் அவ்வெழுத்து ஹகரமாக ஒலிக்கும். என்ன இறைச்சி என்று பேர்த்தியிடம் கேட்டோம். மாட்டிறைச்சி என்றாள்.

நாம் மரக்கறி மாத்திரம் உண்பவர் அல்லேம். வெள்ளிக்கிழமையும் விரத நாட்களும் நீங்கலாக மச்சம் உண்போம். ஆயின் மாட்டிறைச்சி எமது குடும்பத்தில் எவரும் தொட்டறியாதது. நீட்டிய கை மடங்கியது. காரணத்தைச் சொன்னோம், பேர்த்தி இயன்றவரை பக்குவமாகவே மொழிபெயர்த்தாள். அப்பு ஒன்றும் சொல்லவில்லை. அந்த மடிப்பைத் தாமே உண்ணவும் இல்லை. பலகையின் ஓரத்தில் வைத்துவிட்டுத் தணலைக் கிளறத் தொடங்கினார். விருந்தினரின் முகம் வாடலாகாது என்னும் வள்ளுவர் வாக்கை ஆண்டுதோறும் மாணவர்க்கு விளக்கி வருகின்றோம். விருந்து அளிப்பவரின் முகம் வாடினால் விருந்தினன் யாது செய்தல் வேண்டும் என்பதை நாமும் சிந்தித்ததில்லை. எந்த மாணவனும் கேட்டதில்லை. அன்று அவரை வாடச் செய்து, பீன்ஸ் விதைக் குழம்பும் சோறும் உண்டு வீடு திரும்பினோம்.

அந்த மடிப்பில் இருந்தது யாது என்பது மறுநாள் மாலையே எமக்கு விளங்கிற்று. வேலியருகே கதிரை போட்டு இருந்த அப்பு, தமது இளமைக் காலத்தைப்பற்றிப் பேசலானார். அவர் பிறந்தது தெற்கே இருநூறு மைலுக்கு அப்பால், மெக்சிக்கோவின் எல்லையாய் ஓடும் ரியோ கிராண்டே ஆற்றின் பள்ளத்தாக்கில். தந்தையும் பாட்டனும் பெரும் மாட்டுப் பண்ணைகளிற் குதிரைமேல் இருந்து மந்தை மேய்த்தவர்கள். ‘வக்கேரோ’ என்பது அத்தொழிலாளரின் பெயர். ஆங்கிலம் பேசும் ‘கௌபோய்’ கயிறு வீசவும் சேணம் பூட்டவும் கற்றுக்கொண்டது இவர்களிடமிருந்தே. பண்ணையில் மாடு அறுக்கும்போது நல்ல பாகங்கள் முதலாளிக்கும் சந்தைக்கும் போய்விடும். தலை, தோல், குடல், கழிவு ஆகியவற்றோடு, விலாவின் உட்புறத்தில் பட்டிபோல ஓடும் ஒரு முரட்டுத் தசையும் வக்கேரோக்களுக்குக் கூலியின் ஒரு பங்காக எறியப்படும். ஸ்பானிய மொழியில் ‘பாஹா’ என்றால் அரைக்கச்சை. இத்தசை கச்சைபோல் நீண்டு ஒடுங்கியிருப்பதால் ‘பஹீத்தா’, அதாவது சிறு கச்சை. மேல்தோலை உரித்து, தேசிப்புளி விட்டு ஊறவைத்து, கொடுந்தணலில் விரைவாக வாட்டி, நாருக்குக் குறுக்கே மெல்லிதாக அரிந்தால் அந்த முரட்டுத் தசையும் மெதுமையாகும். அதை அவர் தம் தந்தையிடம் பத்து வயதிற் கற்றார். அவர் எமக்கு இரு கையாலும் நீட்டியது இதுதான்.

ஏழைகளின் இவ்வுணவு ஊரறிந்த கதையும் சுவையானதே. 1969 இல் சொனி பல்கோன் என்னும் இறைச்சி வியாபாரி, ஒஸ்ரின் நகருக்குத் தெற்கே கைல் என்னும் சிற்றூரில் நடந்த விழாவொன்றில் பஹீத்தாக் கடை போட்டார். 1973 இல் ஹூஸ்ரன் நகரில் நின்பா லொரென்சோ என்ற விதவைத் தாய், தமது நலிந்துபோன றொட்டித் தொழிற்சாலையின் முன்புறத்தில் பத்து மேசை போட்டு, தணலில் வாட்டிய இறைச்சியை மடித்து விற்றார். அந்தச் சிறு கடையிலிருந்து பல கிளைகள் எழுந்தன. 1982 இல் ஒஸ்ரினிலே ஒரு பெரிய ஹோட்டலின் பட்டியலில் பஹீத்தா ஏறிற்று. அங்கே முரட்டுத் தசைக்குப் பதிலாக விலை கூடிய மெல்லிறைச்சி, காய்ச்சிய இரும்புத் தட்டில் ‘சோ’வென்று இரைந்து புகை கக்கியவண்ணம் மேசைக்கு வந்தது. பின்பு கேட்க வேண்டுமா? கசாப்புக்காரர் கழித்து எறிந்த தசையின் விலை ஏறிற்று. பண்ணையில் அதை உண்டு வளர்ந்தவர்களே கடையில் விலை கேட்டுவிட்டுத் திரும்பும் நிலை வந்தது. கோழி, இறால், வெறும் மரக்கறி எல்லாம் பஹீத்தா என்னும் பெயரைச் சூடிக்கொண்டன.

“கோழிப் பஹீத்தாவாம்! மாயெஸ்த்ரோ, நீர் படித்தவர். கோழிக்குக் கச்சை உண்டோ? அது எங்கே கட்டுகிறது?” என்று கேட்டு அப்பு சிரித்தார். ஞாயிறுக்குப் பின்னர் அவர் எம்மிடம் சிரித்தது அதுவே முதற்றடவை.

தமிழ் படிப்பிக்கும் எமக்கு விடை ஆயத்தமாயிருந்தது. எள்ளிலிருந்து எடுத்த நெய்யே எம் மொழியில் எண்ணெய். இன்று தேங்காயெண்ணெய் என்கின்றோம், மண்ணெண்ணெய் என்கின்றோம். எள் எங்கே என்று எவரும் கேட்பதில்லை. பெயர்கள் அவ்வாறு அகன்று செல்வது இயல்பு என்றோம். அப்பு சற்றே யோசித்தார். “உங்கள் எள்ளை எவரும் எங்கள் தந்தையர்முன் எறியவில்லை” என்றார். பேர்த்தி அதை மொழிபெயர்த்தபின் எம் முகத்தைப் பார்க்கவில்லை. சொல்லிலக்கணம் அவ்விடத்தில் எமக்கு உதவவில்லை.

இவ்வளவையும் சன்னலருகே நின்று கேட்டுக்கொண்டிருந்த ஆச்சி, வழக்கை ஒரே வார்த்தையில் முடித்தார். வெள்ளிக்கிழமை தாம் கோழியிற் செய்து தருவதாகவும், அதற்கு எப்பெயர் வேண்டுமானாலும் இட்டுக்கொள்ளலாம் என்றும் சொன்னார். நாமோ மறுபடியும் தலை குனிய நேர்ந்தது. வெள்ளிக்கிழமை எமக்கு மச்சம் ஆகாதே! தயங்கித் தயங்கிச் சொன்னோம். ஆச்சி நெற்றியில் அறைந்துகொண்டு உரக்கச் சிரித்தார். அது கத்தோலிக்கரின் தவக்காலம். தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் அவர்களும் இறைச்சி உண்பதில்லை. கதைப் பிராக்கில் அதை அவர் மறந்துபோனார். சனிக்கிழமை என்று தீர்மானமாயிற்று. சமையலை அருகிருந்து கற்க விரும்புகிறோம் என்றும் கேட்டுக்கொண்டோம்.

சனிக்கிழமை பிற்பகல் அடுக்களைக்குச் சென்றபோது ஆச்சி ஏற்கெனவே இரண்டு இறாத்தல் கோழித் தொடையிறைச்சியை எலும்பு நீக்கி விரற்பருமனாக அரிந்து வைத்திருந்தார். நெஞ்சிறைச்சியும் ஆகும், ஆயின் விரைவில் வரண்டுவிடும் என்பது அவர் கட்சி. மூன்று தேசிக்காயின் புளி, நசுக்கிய உள்ளிப் பல் நான்கு, வறுத்து இடித்த சீரகம் ஒரு தேக்கரண்டி, அதே அளவு மிளகாய்த் தூள், உப்பு, இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய் ஆகியவற்றைச் சேர்த்துப் பிசறி ஒரு மணி நேரம் ஊறவைத்தார். அதற்குமேல் வைத்தால் புளிப்பு இறைச்சியை மாப்போல் ஆக்கிவிடுமாம். சீரகத்தின் வாசனை எழுந்ததும் அந்நிய நாட்டில் இருக்கின்றோம் என்ற நினைவே எமக்கு மறைந்தது. 1731 இல் கனேரித் தீவுகளிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களே சீரகத்தை அந்நகருக்குக் கொண்டுவந்தன என்று அவ்வூரார் கூறுவர்.

இடையில் றொட்டி. இதற்குத் ‘தோர்த்தியா’ என்று பெயர். மெக்சிக்கோவின் தென்பாகத்தில் சோள மாவிலும், வடபாகத்திலும் ரெக்சாசிலும் பெரும்பாலும் கோதுமை மாவிலும் செய்வர். மூன்று கோப்பை மா, ஒரு தேக்கரண்டி உப்பு, ஒரு தேக்கரண்டி பேக்கிங் பவுடர், கால் கோப்பைக் கொழுப்பு, இளகிய சுடுநீர் ஏறக்குறைய ஒரு கோப்பை. ஆச்சி வழக்கமாகப் பன்றிக் கொழுப்பு இடுபவர். அன்று எம்மைக் கேட்காமலே தாவரக் கொழுப்பை எடுத்துவைத்திருந்தார். குழைத்த மாவை அரைமணி நேரம் ஈரத்துணியால் மூடி வைத்தல் அவசியம். பொறுமையின்றி உருட்டினால் இழுத்த இழுப்பில் சுருங்கிவிடும். ஆச்சியின் கையில் ஒவ்வொன்றும் முழுமதிபோல் விரிந்தது. எமது முதலாவது தோர்த்தியா பூமிப்படத்தில் உள்ள எந்த நாட்டையும் ஒத்திருக்கவில்லை. எண்ணெய் தடவாத இரும்புக் கல்லில் பக்கத்துக்கு அரை நிமிடம். கொப்புளம் எழுந்து பழுப்புப் புள்ளிகள் தோன்றியதும் எடுத்துத் துணியிற் சுற்றிவைக்க வேண்டும். அந்தச் சுற்றிவைத்த ஆவியிலேதான் அவை மெதுமையாகின்றன.

பின்னர் மிளகாய். நம் கறிமிளகாயின் இனத்தைச் சேர்ந்த, ஆனால் தக்காளிபோற் பருத்த குடைமிளகாய் மூன்று. சிவப்பும் பச்சையும் மஞ்சளும். இரண்டு பெரிய வெங்காயம். இவற்றை நீளவாக்கில் அரியும் வேலை எம்முடையது. அப்போது ஆச்சி அதன் பெயரைச் சொன்னார்: ‘பிமியெந்தோ’. கறுப்பு மிளகுக்கு யாது பெயர் என்று கேட்டோம். ‘பிமியெந்தா’ என்றார். நாம் கத்தியைக் கீழே வைத்துவிட்டோம். மிளகைத் தேடிக் கப்பலேறிய ஸ்பானியர், புதிய கண்டத்தில் வேறோர் உறைப்புக் காயைக் கண்டு, மிளகின் பெயரையே சிறிது திரித்து அதற்கு இட்டனர். அக்காயைப் போர்த்துக்கேயர் பதினாறாம் நூற்றாண்டில் கீழ்த்திசைக்குக் கொணர்ந்தபோது நம் முன்னோரும் அதே வேலையைச் செய்தனர்: மிளகு, மிளகாய்! ஒருவரையொருவர் அறியாத இரு மொழியினர் ஒரு காயைப் பார்த்து ஒன்றையே எண்ணியிருக்கின்றனர். இதைக் கேட்டுக் கூடத்திலிருந்த அப்பு எழுந்து அடுக்களை வாசலுக்கு வந்தார். “அப்படியானால் நீங்கள் உண்ணும் மிளகாய் எங்களுடையது” என்றார். ஆம் என்று ஒப்புக்கொண்டோம். பெயர் மாத்திரம் எங்களுடையது என்றோம். அவருக்கு அது மிகவும் பிடித்துவிட்டது.

எமது பிழை இனித்தான் நிகழ்ந்தது. கனத்த வார்ப்பிரும்புச் சட்டியை ஆச்சி அடுப்பில் ஏற்றிப் புகை எழும்வரை காய்ச்சி, அகப்பையை எம்மிடம் தந்தார். நாம் உற்சாக மிகுதியால் இறைச்சி முழுவதையும் ஒருங்கே கொட்டிவிட்டோம். இரைச்சல் உடனே அடங்கிற்று. இறைச்சி நீர் விட்டு, வெளிறி, அந்நீரிலேயே வேகத் தலைப்பட்டது. ஆச்சி ஒரு வார்த்தையும் பேசாது முக்காற்பங்கை வழித்தெடுத்துத் தட்டில் வைத்து, சட்டியைத் துடைத்து மீண்டும் காய்ச்சினார். சட்டியின் வெப்பத்துக்கு ஓர் அளவு உண்டு. குளிர்ந்த இறைச்சி அதற்குமேல் விழுந்தால் வறுவல் அவியலாகிவிடும். துண்டுகள் ஒன்றையொன்று தொடாதவாறு சிறிது சிறிதாக இட்டு, ஒரு பக்கம் நன்கு பழுப்பாகும்வரை அசைக்காது விட்டு, பின்பு திருப்ப வேண்டும். கோழி ஆதலின் உள்ளே சிவப்பு நில்லாதபடி முற்றாக வேகுதல் வேண்டும்; இதில் மாட்டிறைச்சிக்குள்ள சலுகை இல்லை. இறைச்சியை எடுத்தபின் அதே சட்டியில் வெங்காயமும் மிளகாயும். அவை வதங்கிக் குழையலாகாது. ஓரம் கருகி நடுவில் ‘நறுக்’கென்று கடிபட வேண்டும். மூன்று நான்கு நிமிடம் போதும். கடைசியில் எல்லாவற்றையும் சேர்த்து, அரைத் தேசிக்காய் பிழிந்து இறக்கினார். நம் வீடுகளிற் செய்வோர்க்குத் தடித்த தோசைக்கல்லே போதும்; மெல்லிய அலுமினியச் சட்டி உதவாது.

ஹோட்டல்களிற்போல் இரையும் தட்டு ஒன்றும் வரவில்லை. அதைப்பற்றிக் கேட்டபோது, சத்தம் போடுவதற்கு வீட்டிற் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றார் ஆச்சி.

மேசையில் தோர்த்தியாக் கூடை, பீன்ஸ், நறுக்கிய தக்காளியும் மல்லியிலையும், உப்பும் புளியும் சேர்த்து மசித்த ஆனைக்கொய்யாப் பழம். எல்லாரும் அமர்ந்தனர். அப்பு மாத்திரம் பின்வளவுக்குச் சென்று ஒரு பிடி சிவந்த மணிகளோடு வந்தார். குன்றிமணியிலும் சிறிதே பெரிய மிளகாய். ‘பிக்கீன்’ என்பது பெயர். எவரும் நடாமலே தென் ரெக்சாசின் புதர்களில் முளைப்பது. பறவைகளுக்கு உறைப்புத் தெரியாது. அவை தின்று எச்சமிட்ட இடமெல்லாம் அது பரவும். 1997 இல் அம்மாநிலத்தார் அதைத் தம் சுதேச மிளகாயாகச் சட்டப்படி ஏற்றுக்கொண்டனர். நான்கைந்து மணிகளை எமது தட்டில் வைத்துவிட்டு, அப்பு எதிரே அமர்ந்து எம்மையே பார்த்தார்.

யாழ்ப்பாணத்து உறைப்பில் வளர்ந்தோம் என்ற செருக்கு எமக்கு உண்டு. கோழியும் மிளகாயும் வைத்து மடித்த தோர்த்தியாவை ஒரு கடி; ஒரு மணியை வாயிலிட்டு மற்றொரு கடி. நம் கொச்சி மிளகாயை ஒத்த உறைப்பு. ஆனால் எரிவதிலும் விரைவு, தணிவதிலும் விரைவு. கண்ணில் நீர் வந்தது. நிறுத்தாமல் இரண்டாவது மணியையும் எடுத்தோம். அப்பு மேசையைத் தட்டி ஏதோ சொன்னார்; பேர்த்தி சிரித்த சிரிப்பில் அதை மொழிபெயர்க்க மறந்துவிட்டாள்.

அதுவரை பீன்ஸ் மாத்திரம் உண்டுகொண்டிருந்த அப்பு, பின்னர் தட்டை ஆச்சியின் பக்கம் நகர்த்தினார். ஒரு தோர்த்தியாவில் கோழியை வைத்து, வெங்காயம் வைத்து, ஆச்சி மடித்துக் கொடுத்தார். உண்டார். மெல்லும்போது நெற்றியைச் சுருக்கி, வழக்கு விசாரிக்கும் நீதிபதியைப்போற் கூரையைப் பார்த்தார். சிறிது நேரஞ் சென்றதும் மறுபடியும் தட்டை நீட்டினார்.

“இன்னும் ஒரு பஹீத்தாவா?” என்று பேர்த்தி குறும்பாகக் கேட்டாள்.

“தாக்கோ,” என்றார் அப்பு. “கோழித் தாக்கோ. மாயெஸ்த்ரோவுக்கும் ஒன்று கொடு.”